நத்தார் முத்திரை எது?

1898ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி கனடாவின் தபாற் கந்தோர்களில் இரண்டு சத முத்திரை ஒன்று விற்பனைக்கு வந்தது. அதில் உலகத்தின் தேசப்படம் அச்சாகியிருந்தது. பிரித்தானிய முடியின் கீழிருந்த நாடுகள் யாவும் செந்நிறம் பூண்டிருந்தன. மேலே ஒரு கிரீடம். அடியில் ‘எக்ஸ்மஸ் 1898’ என்னும் எழுத்துகள். நத்தாரை ஆங்கிலேயர் சுருக்கி எழுதும் முறை அது. ஆயினும் அந்த முத்திரையிலே பாலனைக் காணோம். மாட்டுத் தொழுவத்தைக் காணோம். கீழ்த்திசை ஞானியர் கண்ட விண்மீனையும் காணோம்.

இந்தச் சிறு கடதாசித் துண்டைப் பற்றி முத்திரை சேகரிப்போர் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். உலகின் முதலாவது நத்தார் முத்திரை இதுவே எனச் சாதிப்போர் ஒரு சாரார். இது நத்தார் முத்திரையே அன்று என மறுப்போர் மற்றொரு சாரார். முத்திரை அல்பத்தின் முதற் பக்கம் யாருக்கு என்பதே வெளிப்படையான பிணக்கு. ஆனால் அதனடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. ஒரு முத்திரையின் இனத்தை அதில் அச்சிட்ட சொல்லைக் கொண்டு அறிவதா, படத்தைக் கொண்டு அறிவதா, அன்றி அது பிறந்த காரணத்தைக் கொண்டு அறிவதா?

சேகரிப்பிலே பழகியவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை. ‘இத்துண்டு தபாற் கட்டணமாகச் செல்லுமா?’ என்றே கேட்கின்றனர். இக்கேள்வியின் அருமையை உணர டென்மார்க் தேசத்துக்குச் செல்லவேண்டும்.

அங்கே ஐனார் ஹொல்பெல் என்னும் தபால் எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். 1903ஆம் ஆண்டு நத்தாருக்கு முன் மலைபோற் குவிந்த வாழ்த்துக் கடிதங்களைப் பிரிக்கும்போது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரையோடு ஒரு சிறு ஒட்டுச்சீட்டையும் மக்கள் வாங்கி ஒட்டினால், அந்தச் சில்லறைக் காசு சேர்ந்து சயரோகத்தால் வாடும் குழந்தைகளுக்கு உதவுமே என எண்ணினார். சயரோகத்துக்கு மருந்தென்று ஒன்று இல்லாத காலம் அது. நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே நோயாளர் கண்ட சிகிச்சை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இம்மூன்றும் எட்டாதவை. மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியான் இத்திட்டத்துக்கு இசைந்தார். மறைந்த அரசி லூயிசாவின் உருவம் தாங்கிய ஒட்டுச்சீட்டு 1904ஆம் ஆண்டு நத்தாருக்கு வெளிவந்து, நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 1911ஆம் ஆண்டில் கோல்டிங் குடாவின் கரையில் ஒரு சுகநிலையமே இப்பணத்தால் எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் 1907ஆம் ஆண்டில் எமிலி பிசெல் என்னும் பெண்மணி இம்முறையைப் பின்பற்றினார். முந்நூறு டொலர் திரட்ட எண்ணி இறங்கியவருக்கு மூவாயிரம் டொலரளவு கிடைத்தது.

இத்தனை சிறப்பிருந்தும் இச்சீட்டு நத்தார் முத்திரை ஆகாது. தபாற் கந்தோரில் விற்றார்கள். விளிம்பிலே முத்திரைக்குரிய பல்வரிசையும் உண்டு. நத்தாரின் பெயரும் உண்டு. ஆனால் அதனை மட்டும் ஒட்டிய கடிதத்தைத் தபாற்காரர் இலவசமாகக் கொண்டு செல்லமாட்டார். ஆகவே முத்திரைப் பட்டியல்கள் இவற்றுக்கு வேறிடம் வகுத்தன. அமெரிக்காவின் ஸ்கொட் பட்டியல் தன் நாட்டு நத்தார்ச் சீட்டுகளுக்கு ‘டபிள்யூ எக்ஸ்’ என்ற எழுத்துகளோடு தனி இலக்கம் இடுகிறது. இத்தகைய ஒட்டுச்சீட்டுகளுக்குச் சேகரிப்போர் இட்ட செல்லப் பெயர் ‘சின்டரெல்லா’. விருந்துக்கு அழைக்கப்படாமல் அடுப்படியில் விடப்பட்ட கதைப்பெண்ணின் பெயர் அது. அந்தச் சின்டரெல்லாவுக்கும் ஒரு நற்பேறு வாய்ப்பதுண்டு. தபால் இலச்சினையின் மை சீட்டின் மீதும் உறையின் மீதும் தொடர்ச்சியாகப் படிந்திருந்தால், அச்சீட்டு அக்கடிதத்தோடு பயணம் செய்தது உறுதியாகிறது. அதனை உறையிலிருந்து நனைத்துக் கழற்றுபவர் தம் கையாலேயே சான்றை அழிப்பவராவார்.

கட்டணமாகவும் செல்லும், தருமத்துக்கும் உதவும் என்று இரண்டும் கலந்த முத்திரைகளும் உள. இலங்கை 1956ஆம் ஆண்டிற் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட நான்கில் இரண்டு இவ்வகையின. ஒன்று நான்கு சதத்தோடு இரண்டு சதம், மற்றது பத்துச் சதத்தோடு ஐந்து சதம் மேலதிகம் குறிக்கப்பட்டவை. 1958ஆம் ஆண்டு சனவரியில் அந்த மேலதிகத் தொகையின் மீது கறுப்புக் கோடு அச்சிட்டு மறைத்து, அவற்றைச் சாதாரண முத்திரைகளாக விற்றனர். படம் அதுவே, தாளும் அதுவே. ஒரு கோடு விழுந்ததும் தரும முத்திரை தருமத்தை விட்டது. பட்டியல்கள் அவற்றைப் புதிய வெளியீடாகவே எண்ணுகின்றன.

அடுத்த கேள்வி, எதற்காக வெளியிடப்பட்டது என்பது. ஒஸ்திரியா 1937ஆம் ஆண்டு டிசெம்பரில் நத்தார் வாழ்த்துக் கடிதங்களுக்கென்றே இரு முத்திரைகளை விற்றது. அவற்றில் இருந்தவை ஒரு ரோசாப் பூவும் பன்னிரண்டு இராசிகளின் குறிகளுமே. படத்தை மட்டும் பார்ப்பவர் அவற்றைச் சோதிட முத்திரை என்றும் கொள்ளலாம்! பிறப்புக் காட்சியைத் தெளிவாகத் தீட்டிய ஹங்கேரியின் முத்திரைகள் 1943ஆம் ஆண்டில், யுத்தத்தின் நடுவே வந்தன. நியூசிலாந்து 1960ஆம் ஆண்டில் ரெம்பிராண்டின் ஓவியத்தை நத்தாருக்கு வெளியிட்டபோது, ஓவிய முத்திரை சேர்ப்பவரும் நத்தார் முத்திரை சேர்ப்பவரும் அதற்கு ஒருங்கே உரிமை கோரினர். இருவர் அல்பத்திலும் அதற்கு இடமுண்டு என்பதே நியாயம். ஆனால் மரியாளும் குழந்தையும் இருப்பதனால் மாத்திரம், நூதனசாலை விழாவுக்கு வந்த முத்திரை ஒன்று நத்தார் முத்திரையாகிவிடாது.

ஐக்கிய அமெரிக்கா இத்துறையிற் பிந்தியே இறங்கியது. 1962ஆம் ஆண்டு நொவெம்பர் முதலாந் திகதி பிற்ஸ்பேர்க் நகரில் வந்த நான்கு சத முத்திரையில் ஒரு மலர் வளையமும் இரு மெழுகுதிரிகளும் இருந்தன. மக்கள் வாங்கிய வேகத்துக்கு அச்சகம் ஈடுகொடுக்க இயலாமல் திணறியது. ஆண்டு முடியுமுன் நூறு கோடி அச்சிடவேண்டியதாயிற்று. இதனால் இன்று அதன் விலை மிக அற்பம். 1966ஆம் ஆண்டில் மெம்லிங் வரைந்த மரியாளின் ஓவியம் ஐந்து சத முத்திரையாயிற்று. அடுத்த ஆண்டும் அதே ஓவியம், அதே விலை. அளவு மட்டும் பெரிது. அளவுகோல் கையில் இல்லாதவர் இரண்டையும் ஒன்றென மயங்குவர்.

முத்திரையே சாதாரணமாயிருக்க, கடிதம் மட்டும் நத்தார்ப் பக்கத்துக்குச் செல்லும் விந்தையும் உண்டு. ஒஸ்திரியாவில் ஸ்டெயர் நகரருகே ‘கிறிஸ்ட்கிண்டல்’ என்னும் சிற்றூர் இருக்கிறது. ‘கிறிஸ்து பாலன்’ என்பது அதன் பொருள். 1950ஆம் ஆண்டு முதல் நத்தார்க் காலத்தில் அங்கே சிறப்புத் தபாற் கந்தோர் நடைபெறுகிறது. அவ்வூர்ப் பெயர் தாங்கிய தபால் இலச்சினைக்காகவே பல நாட்டினர் கடிதங்களை அங்கு அனுப்புகின்றனர்.

இனிக் கனடா முத்திரைக்கு வருவோம். 1898ஆம் ஆண்டு சூலையில் இலண்டனிற் கூடிய மாநாடு ஒன்றிலே, பேரரசுக்குள் ஒரு பென்னிக் கட்டணத்திற் கடிதம் செல்லலாம் என முடிவாயிற்று. கனடாவின் தபால் மா அதிபர் வில்லியம் மியூலொக் இதற்காக முன்னின்று உழைத்தவர். புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்த நாள் டிசெம்பர் 25. அதுவரை ஐந்து சதம் செலுத்திய பிரித்தானியக் கடிதம் அன்றிலிருந்து அரை அவுன்சுக்கு இரண்டு சதமாயிற்று. உள்நாட்டுக் கடிதத்துக்கோ, அவ்வாண்டு முடியும்வரை மூன்று சதம்! அடுத்த ஊரில் இருந்த தாய்க்கு எழுதியவன், கடலுக்கப்பால் இருந்த சிற்றப்பனுக்கு எழுதியவனைவிட அதிகம் கொடுத்தான்.

ஆகவே ‘எக்ஸ்மஸ்’ என்ற எழுத்துகள் பண்டிகை வாழ்த்தன்று. கட்டணம் குறைந்த திகதியே அவை. முத்திரையைத் தனியே வைத்திருப்பவர் அதனைப் பேரரசுத் தபாற் பக்கத்தில் ஒட்டுவதே முறை. ஆனால் 1898 டிசெம்பர் 25 என்ற தபால் இலச்சினையோடு முழு உறையும் ஒருவர் கையில் இருந்தால், அதற்கு நத்தார்ப் பக்கத்தை மறுக்க இயலாது. மகாராணியார் ‘எந்த இளவரசருக்காக இம்முத்திரை?’ எனச் சினந்து வினவ, அதிகாரி ஒருவர் ‘சமாதானத்தின் இளவரசருக்காக’ எனச் சமாளித்தார் என்றொரு கதை உண்டு. கதை இனியதே, வகைப்படுத்தலுக்கு அது சான்றாகாது.

இவ்வழக்கில் தலையிட விரும்பாத ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கடலின் நிறத்தை மட்டும் பார்க்கின்றனர். அச்சுக்கு அச்சு அந்த நிறம் மாறியது. இளம் ஊதாக் கடல் ஒரு வரிசை, நீலக் கடல் ஒரு வரிசை, பச்சை கலந்த நீலக் கடல் வேறொரு வரிசை.