தடுப்பூசி நின்ற பத்து மாதங்கள்: சமோவாவின் தட்டம்மைச் சாவுகளும் அரசின் பொறுப்பும்

சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் சமோவாவில் 2019ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பரவிய தட்டம்மைக்கு 83 பேர் பலியாயினர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நோய் கண்டவர்கள் 5,700 பேருக்கும் மேல். அதே பருவத்தில் டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது. அங்கே ஒருவரும் இறக்கவில்லை. தடுப்பூசி எதிர்ப்புப் பிரசாரத்துக்குச் சமோவா மக்கள் செவிசாய்த்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று பலரும் எழுதினர். இது முழுப் பொய்யன்று. ஆனால் இதையே முதற்காரணமாக்கினால், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் மீதே பழியும் விழுகிறது. நிகழ்ச்சிகளைக் காலமுறைப்படி வைத்துப் பார்த்தால் பொறுப்பின் பெரும்பங்கு அரசையே சேரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2018 ஜூலை 6 அன்று, சவாயித் தீவின் சஃபோட்டு மருத்துவமனையில் தடுப்பூசி போடப்பட்ட இரு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான அந்தத் தடுப்பூசி தூளாக வரும். அதற்குரிய நீரில் கரைத்துப் போட வேண்டும். அன்று நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைத்தளர்த்தி மருந்து கலக்கப்பட்டிருந்தது. அரசு உடனே தடுப்பூசித் திட்டத்தை நிறுத்தியது. முதல் சில நாட்களுக்கு அது சரியான முடிவே. ஆனால் நிறுத்தம் சுமார் பத்து மாதங்கள் நீடித்தது. கலவையில் நேர்ந்த பிழையே சாவுக்குக் காரணம் என்பது, அந்தப் பிழைக்குப் பொறுப்பான இரு செவிலியரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் பொதுமக்களுக்கு ஐயமற உறுதியாயிற்று. இருவருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை வந்தது, ஆனால் தடுப்பூசியில் குறையில்லை என்று ஒவ்வொரு தாய்க்கும் விளக்கிச் சொல்லும் வேலை அந்த அளவுக்கு நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வெளிநாட்டுப் பிரசாரகர்களின் குரல் ஓங்கியது.

முதல் தவணை பெற்ற குழந்தைகள் 2018இல் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தந்த மதிப்பீடு. தட்டம்மையைத் தடுக்க வேண்டிய அளவு 95 விழுக்காடு. சஃபோட்டு நிகழ்ச்சிக்கு முந்தைய ஆண்டிலேயே சமோவா அந்த அளவை எட்டவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சம் பிறக்கும் முன்பே அமைப்பு தளர்ந்திருந்தது.

வந்தபின் நோயைத் துரத்துவது எவ்வளவு கொடியது என்பதைச் சமோவா முன்பே அனுபவித்திருக்கிறது. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் கப்பலை, நியூசிலாந்து இராணுவ நிர்வாகம் தனிமைப்படுத்தாமல் ஆப்பியா துறைமுகத்தில் அனுமதித்தது. ஏறத்தாழ 8,500 பேர், அதாவது மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், இன்ஃப்ளுயென்சாவில் மாண்டனர். பக்கத்திலேயே உள்ள அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்துத் தப்பித்தது. நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002இல் காலனி ஆட்சிக்காலத் தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டபோது இதையும் குறிப்பிட்டார். அன்று ஆண்டவர்கள் அந்நியர். 2019இல் முடிவெடுத்தது சமோவாவின் சொந்த அரசு. அதனாலேயே கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

ஊரோடு பேச அந்த அரசிடம் வழியில்லாமல் இல்லை. சமோவா கிராமத்தை நடத்துவது மட்டாய் எனப்படும் குடும்பத் தலைவர்கள் கூடும் ஃபோனோ அவை. அதற்கு இணையாக, 1920கள் தொட்டு ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் குழு இயங்கிவருகிறது. குழந்தைகளின் எடையைப் பார்ப்பது, வீடுகளின் தூய்மையைச் சோதிப்பது, வந்துபோகும் செவிலியருக்கு உதவுவது எல்லாம் இக்குழுக்களின் பணியாக இருந்தன. மருத்துவமனைகளை மையமாக்கிய பின்னாளைய நிர்வாகம் இவற்றைச் சடங்களவில் வைத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தச் சோதனைக்காக அண்மை ஆண்டுகளில் அரசே மீண்டும் பெண்கள் குழுக்களை நாடியிருப்பது, அவற்றின் ஆற்றல் குறையவில்லை என்பதற்குச் சான்று.

தட்டம்மை பரவிய 2019 நவம்பர் நடுப்பகுதியில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, தடுப்பூசி கட்டாயமாயிற்று. டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களை மூடிவிட்டு ஊழியர்கள் வீடுவீடாகச் சென்றனர். தடுப்பூசி போடாதவர் உள்ள வீட்டார் வாசலில் சிவப்புத் துணி கட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர், கட்டவும் செய்தனர். ஆண்டு முடிவதற்குள் 95 விழுக்காடு எட்டப்பட்டது. சட்டமும் மரண பயமும் அவர்களை இழுத்துவந்தன என்று மறுப்போர் உண்டு. பயம் இருந்ததுதான். ஆயினும் கொள்கையால் மறுத்த சமூகமாயின் சில வாரங்களில் இப்படித் தானாகவே அடையாளம் காட்டிக்கொண்டு ஊசிக்குக் காத்திருக்காது. பலருக்கும் வேண்டியிருந்தது வீட்டுக்கு வரும் செவிலியர்தான்.

இதற்குப்பின் சமோவா, பள்ளியில் சேரத் தடுப்பூசிச் சான்றைக் கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் பள்ளி வாசலில் கேட்கப்படும் சான்று, பள்ளி வயதை எட்டாமலே இறந்த பிள்ளைகளுக்கு எப்படி உதவியிருக்கும்? முதல் தவணைக்குரிய வயது ஒன்று. அந்த வயதுக் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது, அதற்கு ஊசி போட்டாயிற்றா என்பதை அறிந்தவர்கள் ஊர்ப் பெண்கள். பிறப்புப் பதிவோடு இணைந்த தடுப்பூசிப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, மாதந்தோறும் செவிலியர் ஊருக்கு வரும் முறையை நிதி ஒதுக்கி நிலைப்படுத்துவதே அந்தச் சட்டம் தொடாமல் விட்ட வேலை.