கடனும் கணக்கும்: தமிழக விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் நூற்றாண்டு

விவசாயியே அரசுக்கு நேரடியாக நிலவரி கட்டிய ரயத்துவாரி முறையில், அதைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. விளைச்சல் விலைபோகும்வரை அரசு காத்திருக்காது. விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் பணம் தேவைப்பட்டது போலவே கிஸ்தி எனப்பட்ட வரித் தவணையைக் கட்டவும் பணம் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் பலர் தொழில்முறை லேவாதேவிக்காரர்கள் அல்லர், அதே ஊரின் வசதியான மிராசுதாரர்கள். கடன் பெற்றவர் வட்டி கட்டியதோடு, பல வேளைகளில் விளைச்சலையும் கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேர்ந்தது.

இந்நிலைக்கு மாற்றுத் தேட 1892-இல் மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய்ந்த அவர் 1895-இலும் 1897-இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய சிறு கிராமச் சங்கமே ஏற்றது என்பது அவர் முடிவு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பாவர். எதற்காகக் கடன் வாங்கினாரோ அதற்கே பணம் செலவாகிறதா என்று ஊரே பார்க்கும். சிக்கனமும் கணக்கறிவும் அங்கேயே பழக வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். கடனைப் பற்றி மட்டும் கேட்ட அரசுக்கு அவர் கல்வியையும் சேர்த்துப் பரிந்துரைத்ததே அறிக்கையின் பெருமை.

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்க வழி செய்தது. கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாக இருக்க வேண்டும், பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுப் பதிவாளரான பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில், தமிழகத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் அவ்வாண்டே பதிவானது. மறு ஆண்டில் சென்னையில் மத்திய நகர வங்கி எழுந்தது. கிராமச் சங்கங்களுக்குப் பணம் தரும் மேல்நிலை வங்கிகளின் தொடக்கம் அதுதான். 1912-இன் சட்டம் கடன் அல்லாத சங்கங்களுக்கும் இணையங்களுக்கும் இடம் கொடுத்தது.

பணம் கிராமத்தை அடைந்த வேகத்தில் கணக்கறிவு அடையவில்லை. சங்கங்களை ஊர்ப் பஞ்சாயத்தார் நடத்தினர், எழுதத் தெரிந்த ஒருவர் கணக்கைப் பார்த்துக்கொண்டார். மற்ற உறுப்பினர்களால் ஏட்டைப் படித்துக் கேள்வி கேட்க இயலவில்லை. பழைய கடனைத் தீர்த்ததாக எழுதி அதே நாளில் புதுக்கடன் பற்று வைக்கும் பழக்கம் வேரூன்றியது. ஏட்டில் வசூல் தெரியும், பெட்டியில் பணம் இருக்காது. வரம்பற்ற பொறுப்பு ஊரின் ஏழையைக் காக்க ஏற்பட்டது. கணக்குத் தெரியாத இடத்தில் அதுவே அவரை மற்றவர் கடனுக்குப் பிணையாக்கியது.

இதைச் சரிசெய்யச் சென்னை மாகாணம் தனக்கே உரிய வழியொன்றைக் கண்டது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மேற்பார்வை யூனியன்களை அமைத்து, கணக்குப் பார்க்கவும் வழிகாட்டவும் மேற்பார்வையாளர்களை வைத்துக்கொண்டன. 1914-இல் மாகாணக் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. அதுவே பின்னர் தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியமாகி, சங்கப் பணியாளர்களுக்கான பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. ஆனால் பயிற்சி பெரும்பாலும் செயலாளரோடு நின்றுவிட்டது. கடன் வாங்கும் உறுப்பினரை அது அதிகம் எட்டவில்லை.

1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கி நீண்டகாலக் கடன் கிடைத்தது. அடமானம் வைக்க நிலமில்லாத குத்தகைதாரருக்கு அதனால் பயன் இல்லை. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து, தவணை தவறிய கடன்கள் சங்கங்களை முடக்கின.

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, 1951-52-இல் விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடுதான் என்று காட்டியது. வட்டிக்கடைக்காரரும் பணக்கார விவசாயிகளும் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கொடுத்தனர். ஆய்வை வழிநடத்திய கோர்வாலா குழு, அரசு சங்கங்களில் பங்கு முதல் போட வேண்டும், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வேண்டும் என்று கோரியது. 1953-இலேயே கூட்டுறவுப் பயிற்சிக்கென மத்தியக் குழு அமைந்திருந்தது. விவசாய, கிராமக் கடனுக்கான நபார்டு வங்கி 1982-இல் பிறந்தது.

கடன் பெருகியது, நிலுவையும் பெருகியது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, 2006-இல் மத்திய அரசு சங்கங்களுக்கான மீட்புத் திட்டத்தை அறிவித்தது. இழப்பை ஈடுகட்டும் நிதியோடு பொதுவான கணக்கு முறையும், கணினிமயமாக்கலும், செயலாளர்களுக்கும் இயக்குநர்களுக்குமான பயிற்சியும் அதில் இடம்பெற்றன. நிக்கல்சன் ஒன்றாகவே வைத்த கடனும் கணக்கறிவும் ஒரே திட்டத்தில் சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.