கட்டாய மருத்துவக் காப்பீடு (சுவிட்சர்லாந்து)

சுவிட்சர்லாந்தில் வசிக்கும் ஒவ்வொருவரும் அடிப்படை மருத்துவக் காப்பீடு பெற்றிருக்க வேண்டும் என்னும் சட்ட ஏற்பாடு. 1994 டிசம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பு இச்சட்டத்தை ஏற்றது. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

செயல்முறை: குடியேறுபவரும் பிறக்கும் குழந்தையும் 3 மாதங்களுக்குள் காப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். நோயைக் காரணம் காட்டி எவரையும் நிறுவனங்கள் மறுக்க முடியாது. அடிப்படைக் காப்பீட்டில் லாபம் ஈட்டவும் கூடாது. பிரீமியம் வயதுப் பிரிவையும் வசிப்பிடத்தையும் பொறுத்து மாறும். உடல்நிலையைப் பொறுத்து மாறாது. குறைந்த வருமானத்தினருக்குக் கான்டன் எனப்படும் மாநிலங்கள் மானியம் தருகின்றன.

நியாயம்: சேர்வது அவரவர் விருப்பமானால், நலமாக இருப்போர் விலகி நிற்பர், நோயுற்றோரே மிகுவர், பிரீமியம் உயரும், அதனால் இன்னும் பலர் விலகுவர். நோயாளிக்குக் கதவடைக்கக் கூடாது என்ற அறம் நிலைக்க, அனைவரும் பங்களித்தே ஆக வேண்டும். நோய் எவரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை. இன்று நலமாக இருப்பவர் கட்டும் தொகை நாளை அவருக்கே துணையாகும்.

குறை: வருமானம் பாராத பிரீமியம் நடுத்தரக் குடும்பங்களை அழுத்துகிறது. அதை வருமானத்தில் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்தக் கோரிய முன்மொழிவு 2024 ஜூன் வாக்கெடுப்பில் தோற்றது. கட்டாயம் முழு நியாயம் பெற, சுமையும் அவரவர் சக்திக்கேற்பப் பகிரப்பட வேண்டும்.