வீட்டுக்குள் ஒரு பாசறை

பாசறை என்ற சொல்லைக் கேட்டதும் காடும் கூடாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டுக் கூரையின்கீழ் இருந்துகொண்டே பாசறை நடத்தலாம் என்றால் நகைப்பவர் உண்டு. ஆயினும், 2020-ஆம் ஆண்டு, நோய்த்தொற்றால் ஊர்கள் அடங்கிக் கிடந்த காலத்தில், ஏப்ரல் 3 முதல் 5 வரை உலகச் சாரணர் இணையம் வழியே ஒன்றுகூடினர். அது பாசறைதானா? வரலாற்றைக் கேட்டு விடை காண்போம்.

சாரணர் பாசறை தோன்றியது 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைத் திரட்டினார். செல்வர் பள்ளியில் பயின்றோரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே தீயைச் சுற்றி அமர்ந்தனர். அன்றைய சமுதாயத்தில் அதுவே பெரிய புதுமை.

1909-இல் சாரண இயக்கம் பெங்களூருக்கு வந்தது. ஆனால் தொடக்கத்தில் அது ஆங்கிலேயச் சிறுவர்களுக்கே உரியதாக இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை காத்திராமல், முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டி ஓடும் அடையாறு கடலை அடையும் இடத்தில்தான் அம்மையாரின் பிரம்மஞான சபை அமைந்திருக்கிறது. 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். அம்மையாரின் சங்கமும் உலக இயக்கத்தோடு இணைந்தது.

இதற்கு முந்தைய ஆண்டு, 1920-இல், முதல் உலகச் சாரணர் பெருவிழாவாகிய ஜாம்போரி நிகழ்ந்தது. எங்கே? காட்டிலன்று, இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தின் கூரைக்குக் கீழே! தரையில் ஓரடி உயரத்துக்கு மண் பரப்பி, அதன்மேல் கூடாரம் அடித்தனர். ஆகவே கூரைக்குள் பாசறை என்பது நம் காலத்தவர் கண்ட புதுமையன்று.

நேரில் கூடாமலே கூடும் முறையை வழங்கியது வானொலி. 1957-இல் இங்கிலாந்தில் நடந்த ஜாம்போரியில் சந்தித்த அமெச்சூர் வானொலி அன்பர்கள், பிரிந்த பின்னரும் பேசிக்கொள்ள விரும்பினர். லெஸ்லி மிச்செல் என்பவரின் முயற்சியால் 1958 மே மாதத்தில் முதல் 'வான்வழி ஜாம்போரி' நடந்தது. 1924-இலேயே தனி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்ட சென்னைக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். முகம் காணா நண்பனின் குரல் இருட்டைத் தாண்டி வருவதே பெருந்துணையன்றோ? 1990-களில் இணையமும் இப்பணியில் சேர்ந்தது. ஊரடங்கு வந்தபோது வழி முன்பே போடப்பட்டிருந்தது.

இன்று ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் ஒரு மாணவன் இத்தகைய இரவைக் கொண்டாட விரும்பினால் என்ன செய்யலாம்? மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியின்மேல் பழைய புடவையை விரித்தால் கூடாரம் ஆயிற்று. மெட்ரோ இரயிலும் தொழிற்பேட்டையும் நிறைந்த இப்பகுதியில் விண்மீன்கள் சிலவே தெரியும், தெரிபவற்றை எண்ணலாம். தொலைவிலுள்ள நண்பர்களோடு கைப்பேசித் திரையில் கதையும் பாட்டும் பகிரலாம். நெருப்புக்கு மாற்றாக ஒரு சிறு விளக்குப் போதும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கைப்பேசி இல்லாத தோழனுக்கு இந்தப் பாசறையின் கதவு அடைத்தே இருக்கும். அன்று நம் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது பிறப்பு. இன்று ஒருவனை வெளியே நிறுத்துவது ஒரு கருவியின் விலை. அடுத்த வீட்டுத் தோழனை அழைத்து, ஒரே திரையின் முன் இருவரும் அமர்ந்தால் அக்குறை தீரும். பாசறைக்குக் காடு இன்றியமையாததன்று, கூடாரமும் அன்று. தீயைச் சுற்றி இன்னும் ஒருவனுக்கு இடம் விடும் மனமே இன்றியமையாதது என்பது நான் வரலாற்றில் காணும் விடை. அம்மனம் உள்ள வீடு எதுவாயினும் அது பாசறையே.