நீலகிரிக் காற்றும் சிஞ்ச்வட் சப்பாத்தியும்

ஏப்ரல், மே மாதம் வந்தால் சிஞ்ச்வடில் மராட்டியக் குடும்பங்கள் வருஷத்துக்கு வேண்டிய கோதுமையை மூட்டையாக வாங்கி விடுவார்கள். மொட்டை மாடியில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, தகர டிரம்மில் கொட்டி வைத்து, வாரா வாரம் கிர்ணியில் (நம்ம ஊர் மாவு மில்தான்) அரைத்துக்கொள்வார்கள். நாம் பெரும்பாலும் பாக்கெட் மாவு ஆசாமிகள். ஆனால் சில வருஷங்களாக நம் வீடுகளிலும் கோதுமை ரகம் பற்றிய பேச்சு வந்துவிட்டது. காரணம் சர்க்கரை வியாதி. ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கோ மாமனாருக்கோ சர்க்கரை ஏறியிருக்கும். "அரிசியை விட்டுவிட்டு கோதுமை சாப்பிடுங்கள்" என்பது பழைய அறிவுரை. "இந்தக் கோதுமையும் வேண்டாம், கப்லி சாப்பிடுங்கள்" என்பது புதிய அறிவுரை.

கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு கதையும் வரும். பழைய கோதுமை அமிர்தம், பசுமைப் புரட்சிக் கோதுமை விஷம், விஞ்ஞானிகள் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று. அடியேன் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. முன்பு சாத்தாரா பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது பயிர்க்கடன் மனுக்களில் கப்லி, பன்சி, லோக்வன் என்று பார்த்துப் பார்த்து இந்தக் கோதுமை விஷயத்தில் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. தேடிப் படிக்கப் படிக்க, நம் நீலகிரியும் பழனி மலையும் இந்தக் கதையின் நடுவே வந்து நின்றன. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ரகங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சப்பாத்திக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள். பன்சி என்று இங்கே சொல்லும் கெட்டிக் கோதுமைக்கும் (டியூரம்) கப்லிக்கும் 28. பழைய எம்மர் கோதுமை ஒரு காட்டுப் புல்லோடு கலந்து, எட்டு பத்தாயிரம் வருஷங்களுக்கு முன் 42 வந்தது. ஆக கப்லி நம் சப்பாத்திக் கோதுமைக்குப் பாட்டி முறை. மராத்தியில் கப்லி என்றால் காயத்தின் மேல் கட்டும் பொருக்கு. இந்தத் தானியத்திலும் உமி அப்படித்தான் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நெல் மாதிரி தனியாக உமி நீக்க வேண்டும். விலை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே எம்மர் கோதுமைக்கு நம்மூரில் என்ன பெயர் தெரியுமா? சம்பா கோதுமை! ரவையாக உடைத்து உப்புமா கிண்டுவோமே, அதேதான். வட கர்நாடகத்தில் ஜவே என்பார்கள். நீலகிரியில் படகர் ஊர்களில் கோதுமையும் பார்லியும் பழைய பயிர்கள்.

இப்போது வில்லன். கோதுமைக்கு முதல் எதிரி வறட்சியா வெள்ளமா என்றால், பல சமயம் இரண்டும் இல்லை, துரு நோய்தான். தண்டிலும் இலையிலும் இரும்புத் துரு போல ஒரு பூஞ்சை படரும். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று வகை. அதில் தண்டைத் தாக்கும் கறுப்புத் துரு மகா பொல்லாதது. அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு வரை செழிப்பாக நிற்கும் வயல், கடைசியில் பதரும் சுருங்கிய மணியுமாக முடிந்துவிடும். 1946-47-ல் மத்திய இந்தியாவில் இந்த நோயால் சுமார் 20 லட்சம் டன் கோதுமை போயிற்று என்று கணக்கு. வங்காளப் பஞ்சம் முடிந்து மூன்றே வருஷம், சுதந்திரம் வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் 20 லட்சம் டன் என்றால் எப்பேர்ப்பட்ட இழப்பு என்று பாருங்கள்.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்பது பெரிய புதிராக இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்ற புதரில் பூஞ்சை தங்கி, அடுத்த வருஷம் வயலுக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் புதரை வெட்டி ஒழிக்க ஒரு இயக்கமே நடத்தினார்கள். இந்தியாவில் அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. ஆக்ரா கல்லூரியில் இருந்த கரம் சந்த் மேத்தா என்பவர் 1920களில் இதைப் பிடித்துக்கொண்டார். 1950-ல் காலமாகும் வரை கிட்டத்தட்ட இதே வேலை.

அவர் கண்டுபிடித்தது இதுதான். சமவெளியில் ஏப்ரல், மே வெயில் பூஞ்சையின் வித்துக்களைக் கொன்றுவிடுகிறது. அறுவடைக்குப் பிறகு அங்கே நோய் மிஞ்சுவதில்லை. ஆனால் மலையில் குளிர்ச்சி. கோடையிலும் கோதுமைப் பயிர் இருக்கும், இல்லாவிட்டால் தானாக முளைத்த செடிகளாவது இருக்கும். பூஞ்சை அங்கே சுகமாகக் காலம் தள்ளிவிட்டு, அடுத்த பருவத்தில் கீழே இறங்கி வருகிறது. வடக்கே இமயமலை. தெற்கே எது? நீலகிரியும் பழனி மலையும்!

எப்படி இறங்கி வருகிறது என்பதை 1970களில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எல்.எம். ஜோஷி, எஸ். நாகராஜன் ஆகியோர் துலக்கினார்கள். அப்போதுதான் செயற்கைக்கோள் மேகப் படங்கள் கிடைக்கத் தொடங்கியிருந்தன. வங்கக் கடலில் நவம்பர் வாக்கில் உருவாகும் புயல் தென்னிந்தியாவைக் கடந்து மத்திய இந்தியாவில் வலுவிழந்தால், அந்தக் காற்றோட்டம் மலையிலிருக்கும் துரு வித்துக்களை அள்ளிக்கொண்டு போகிறது. அங்கே பெய்யும் மழையில் வித்துக்கள் வயலில் இறங்குகின்றன. மழை நீரைப் பிடித்து அதில் வித்துக்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். நாகராஜனும் ஹர்ஜித் சிங்கும் 1975-ல் இதைச் சில விதிகளாக எழுதினார்கள். நோயியல் படிப்பவர்களுக்கு அது 'இந்தியத் தண்டுத் துரு விதிகள்'.

யோசித்துப் பாருங்கள். சென்னையில் நமக்குப் பள்ளி விடுமுறை வாங்கித் தந்த அதே ஐப்பசி, கார்த்திகைப் புயல்தான் குன்னூர்ப் பக்கத்துத் துருவை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுமந்து நர்மதைக் கரைக் கோதுமையில் இறக்கியது. நாம் பிழைப்புக்காக வடக்கே வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம்மூர்ப் பூஞ்சை டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்திருக்கிறது :-)

நோய் அங்கே என்றால் மருந்தும் அங்கேதானே தேட வேண்டும்? 1954-ல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் டெல்லி கழகத்தின் கோதுமை நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. அந்த ஊரைப் பெரும்பாலோருக்கு ராணுவக் கல்லூரியால்தான் தெரியும். எந்தப் புது ரகத்தையும் அங்கே நட்டால், துரு தானாக வந்து பரீட்சை வைத்துவிடும். தேறினால் தேறினதுதான். இன்னொரு வசதி, சமவெளியில் வருஷத்துக்கு ஒரு போகம் கோதுமை என்றால், மலையில் கோடையில் இன்னொரு போகம் எடுக்கலாம். நாடு முழுக்க உள்ள கோதுமை ஆராய்ச்சியாளர்கள் தங்கள் விதைகளை அங்கே அனுப்பி, புது ரகம் உருவாகும் காலத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நீலகிரியிலேயே நோய் எதிர்ப்புள்ள ரகங்களைப் பரப்பினால், கீழே போகும் வித்துக்களை உற்பத்தி இடத்திலேயே குறைக்கலாம் என்பதும் அவர்கள் திட்டம். வாராக்கடனை வசூலிக்க அலைவதைவிட, கொடுக்கும்போதே ஜாக்கிரதையாக இருப்பது மேல் இல்லையா!

பசுமைப் புரட்சிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ரகங்கள் உயரமானவை. உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். ஜப்பானின் 'நோரின் 10' என்ற குட்டைக் கோதுமையின் குணத்தை மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் தன் ரகங்களில் ஏற்றினார். அவரும் அடிப்படையில் துரு நோய் ஆராய்ச்சியாளர்தான். 1963-ல் அவர் இந்தியா வந்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் விஞ்ஞானி, பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சர், பி. சிவராமன் வேளாண் துறைச் செயலர். சோறு சாப்பிடும் மூவர் சேர்ந்து நாட்டுக்குச் சப்பாத்தி போட்டார்கள்! 1966-ல் 18,000 டன் விதை மெக்ஸிகோவிலிருந்து வந்தது. அதே வருஷம் சுமார் ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் இறக்கிச் சாப்பிட்ட நாடு இது. 1964-65-ல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1.65 கோடி டன். இன்று 11 கோடி டன்னுக்கு மேல்.

வந்த மெக்ஸிகோ கோதுமை சிவப்பு நிறம். சப்பாத்திக்கு அது யாருக்கும் பிடிக்கவில்லை. காமா கதிர் பாய்ச்சி நிறத்தைப் பொன்னிறமாக மாற்றியது சுவாமிநாதன் குழு. அதுதான் 'ஷர்பதி சொனோரா'. நம் கடைகளில் லோக்வன் என்பார்களே, அது குஜராத்தில் சனோசரா என்ற ஊரில் லோக்பாரதி என்ற காந்திய நிறுவனம் உருவாக்கிய 'லோக் 1'. லோக்-ஒன், லோக்வன் ஆகிவிட்டது.

புனேயிலும் ஒரு தொழிற்சாலை... மன்னிக்கவும், ஆராய்ச்சிசாலை உண்டு. சிஞ்ச்வடில் லோக்கல் ரயில் ஏறி சிவாஜிநகரில் இறங்கினால் கொஞ்ச தூரம். 1946-ல் தாவரவியல் பேராசிரியர் சங்கர் புருஷோத்தம் ஆகார்கர் தொடங்கிய மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். 1992-ல் அவர் பெயரே வைக்கப்பட்டது. (அது இருக்கும் ஆகர்கர் சாலை சீர்திருத்தவாதி கோபால் கணேஷ் ஆகர்கர் பெயரில். ஆள் வேறு!) 'எம்.ஏ.சி.எஸ்.' என்று ஆரம்பிக்கும் கோதுமை ரகங்கள் எல்லாம் இவர்களுடையவை. பாராமதி பக்கம் ஹோல் என்ற கிராமத்தில் இவர்களுடைய பண்ணை இருக்கிறது.

சரி, வாட்ஸ்அப் குற்றச்சாட்டுக்கு வருவோம். வங்கிக்காரன் வழக்கப்படி வரவு, செலவு இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.

குற்றச்சாட்டில் ஒரு பாதி நிற்கவில்லை. புதுக் கோதுமையில் குளூட்டன் ஏறிவிட்டது என்கிறார்கள். ஜெர்மனியில் 1891 முதல் 2010 வரை புழக்கத்தில் இருந்த 60 ரகங்களை ஒரே மாதிரி விளைவித்து ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. மொத்தக் குளூட்டன் அளவு கூடவில்லை, புரதம்தான் சற்றுக் குறைந்திருந்தது. கப்லியில் குளூட்டன் இல்லை என்று சிலர் விற்பது சுத்தப் பொய். அது கோதுமை, குளூட்டன் உண்டு. சீலியாக் நோய் உள்ள குழந்தைக்குக் கப்லி கொடுத்தாலும் குடல் கெடும். அந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது அந்தக் குழந்தைகள் தேறினார்கள் என்பது அவர் கவனத்தில் பட்டது. குழந்தைக்குத் தீராத வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்தால் மாவை மாற்றிப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

மறு பாதி நிற்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு, மாதிரிகளைப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். அந்தப் பழைய மணிகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவு: 1960களின் கடைசியில் குட்டை ரகங்கள் வந்த பிறகு மணியில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மெக்னீசியம் குறைந்திருக்கின்றன. வயிறு நிரம்பியது, சத்து கொஞ்சம் கழிந்தது.

ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்களும் விஞ்ஞானிகள்தான். சரிசெய்யப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். புனே ஆகார்கர் நிறுவனத்தின் எம்.ஏ.சி.எஸ். 4028 என்ற குட்டை டியூரம் ரகத்தில் புரதம் 14.7 சதவீதம், பத்து லட்சத்துக்கு இரும்பு 46.1 பங்கு, துத்தநாகம் 40.3 பங்கு. மானாவாரி நிலத்துக்கு ஏற்றது, 102 நாளில் அறுவடை.

கப்லியும் சும்மா இருக்கவில்லை. 1922-ல் அமெரிக்காவில் துரு பூஞ்சையின் இனங்களைப் பிரித்தறிய 12 கோதுமைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று கப்லி, அதே பெயரில். அதிலிருந்து கிடைத்த 'எஸ்ஆர் 13' என்ற எதிர்ப்பு மரபணு, 1998-ல் உகாண்டாவில் கண்டுபிடித்து உலகத்தையே பயமுறுத்திய யூஜி99 துருவுக்கும் ஈடு கொடுக்கிறது. வெலிங்டன் நிலையமும் பழைய உயரக் கப்லியைக் கதிரியக்கத்தால் குட்டையாக்கி ஹெச்.டபிள்யூ. 1098 என்று வெளியிட்டது. அதன் பெயர் 'நீலகிரி கப்லி'. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சிபாரிசான ரகம். விஞ்ஞானி தொடாத பாரம்பரியக் கோதுமை என்று அதிக விலை கொடுத்து நாம் வாங்கும் பையில், குன்னூரில் காமா கதிர் பட்ட பரம்பரையும் இருக்கலாம்!

அதனால் என் சிபாரிசு இவ்வளவுதான். கப்லி பிடித்தால் வாங்குங்கள். சாதாரண கோதுமையைவிட நார்ச்சத்தும் புரதமும் கூடுதல், உப்புமாவுக்கு ருசி. கட்டுப்படியாகாவிட்டால் லோக்வனை வாங்கி, தவிடு சலிக்காமல் கிர்ணியில் அரையுங்கள், குடும்பம் கெட்டுவிடாது. மாமனாருக்கு எந்தக் கோதுமை என்பதைவிட எத்தனை சப்பாத்தி என்பது முக்கியம். கப்லி ஆரம்பித்தாயிற்று என்று மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.