மிடி: விசைப்பலகைகள் பேசிக்கொண்ட கதை

வீட்டுக் கணினியின் முன் இரண்டு மூன்று விசைப்பலகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அறையில் இல்லாத வயலினையும் குழலையும் வாசித்துப் பதிவுசெய்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. இவ்வசதி வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சிந்தசைசர் பிறிதொரு நிறுவனத்தினதோடு பேசாது, ஒவ்வொன்றுக்கும் தனிமொழி. கலிஃபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ ககேஹாஷியும் பொதுமொழி ஒன்றுக்காக முன்னின்று உழைத்தனர். 1983 ஜனவரியில், அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், முன்னவரின் ப்ராஃபெட்-600உம் பின்னவரின் ஜூபிடர்-6உம் கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் விரல் வைக்க, மற்றதும் ஒலித்தது. உரிமத்தொகை ஏதும் கேளாமல் அம்மொழியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இக்கதையில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி இதுவே.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்த விசை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் குறிப்புகளை மட்டும் நொடிக்கு 31,250 பிட் கணக்கில் அனுப்புகிறது. ஒரே கம்பியில் 16 சேனல்கள். கீழ்ப்பலகைக்கு ஒன்று, மேற்பலகைக்கு மற்றொன்று என ஒதுக்கிவிட்டால், இரு கைகளும் சேர்ந்து வாசித்தவை தனித்தனி டிராக்குகளில் விழும். பிசகிய சுரத்தைப் பின்னர் திருத்தலாம். பியானோவுக்கு வாசித்ததைச் செல்லோவுக்குக் கொடுக்கலாம். 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் உள்ளிணைந்தே இருந்தன.

எனினும் ஒலிக்கும் கருவி வெளியில்தான் இருந்தது. ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்னும் இணைப்புமுறையைக் கொணர்ந்தது; 1999இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு வாத்தியத்தையே மென்பொருளாக்கி உள்ளே குடியேற்றியது. புதிய தொல்லை ஒன்றும் உடன் வந்தது: தாமதம். நொடிக்கு 44,100 மாதிரிகளைக் கையாளும் கணினி, 256 மாதிரிகளாகச் சேர்த்து அனுப்பினால் அந்த ஒரு படியில் ஏறத்தாழ 6 மில்லிநொடி தாமதம். 2,048 எனில் 46. முன்னதை விரல் பொறுத்துக்கொள்ளும். பின்னதில் தாளம் குலையும்.

நம் கவலை வேறு. 1988இல் வரையறுக்கப்பட்ட மிடி கோப்பு இன்றும் தடையின்றித் திறக்கிறது. மென்பொருள் வாத்தியங்களுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. 2018இல் ஸ்டைன்பெர்க் விஎஸ்டி 2ஐக் கைவிட்டது. 2019இல் ஆப்பிளின் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை இயக்க மறுத்தது; ஆக்கியோர் புதுப்பிக்காத வாத்தியங்கள் அங்கே ஊமையாயின. பழைய ப்ராஃபெட்டைப் பழுதுபார்த்தாவது ஒலிக்கச் செய்யலாம். கைவிடப்பட்ட மென்பொருளுக்கோ அதன் காலத்துக் கணினியையும் சேர்த்தல்லவா காப்பாற்ற வேண்டியிருக்கிறது! ஆகையால் வீட்டில் பதிவுசெய்யும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். வேலை முடிந்ததும் மிடி கோப்போடு நின்றுவிடாமல், ஒவ்வொரு டிராக்கையும் ஒலிக்கோப்பாகவும் மாற்றி, எந்த வாத்தியம், எந்தப் பதிப்பு என்ற குறிப்போடு சேமித்து வையுங்கள்.