ஊர் நினைப்பில் தொடங்கிய வாடகைக் கடை

2004இல் அமேசான் பொறியாளர் கிறிஸ் பிங்க்காமுக்குச் சொந்த ஊர் நினைப்பு வந்துவிட்டது. சியாட்டிலை விட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பப்போவதாகச் சொன்னார். நல்ல ஆளை விட மனமில்லாத நிறுவனம் கேப்டவுனிலேயே அலுவலகம் போட்டுக் கொடுத்தது. தலைமையகத்தின் குறுக்கீடு எட்டாத அந்த மூலையில், வில்லெம் வான் பில்யோனும் ஒரு சிறு குழுவும் சேர்ந்து கட்டியதுதான் ‘இசி2’. ஒரு நிஜக் கம்ப்யூட்டரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகக் கூறுபோட்டு, மணிக்கு 10 சென்ட் வாடகைக்கு விடும் ஏற்பாடு. 2006 ஆகஸ்டில் சோதனையாகக் கடை திறந்தார்கள். கூட்டம் வந்தது, கூடவே ஒரு சிக்கலும் வந்தது.

ராஜபாளையத்து நூற்பாலை போல மூன்று ஷிப்டும் ஓடுகிற இடத்துக்கு இந்த வாடகை கட்டுபடியாகும். ஆன்லைனில் விற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கு? ஆடிப்பூரத் தேருக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் குவியும். மற்ற நாள் நடுராத்திரியில் ஈ ஓட்டுகிற இயந்திரத்துக்கும் மீட்டர் ஓடும். லினக்ஸ் அப்டேட், நிரம்பி வழியும் டிஸ்க் எல்லாம் கடைக்காரர் தலையில்தான்.

அதே 2006இல் கூகுளின் பால் மெனாஜும் ரோஹித் சேத்தும் வேறொரு வேலையில் இருந்தார்கள். ஒரே லினக்ஸில் ஓடும் நிரல்கள் ஒன்றின் பங்கை மற்றொன்று விழுங்காதபடி வேலி போட்டார்கள். 2008 தொடக்கத்தில் அது லினக்ஸின் மையக் கருவான கெர்னலிலேயே சேர்ந்தது. ஆனால் எல்லாரும் எடுத்துப் புழங்கும்படி அதற்கு ஒரு கைப்பிடி இல்லை.

கைப்பிடி வந்தது, தடுமாறிக்கொண்டிருந்த டாட்கிளவுட் என்ற நிறுவனத்திலிருந்து. 2013 மார்ச்சில் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் அதன் நிறுவனர் சாலமன் ஹைக்ஸுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். திரையில் ஒரு கட்டளை அடித்தார். அடுத்த வரியில் ‘ஹலோ வேர்ல்ட்’ வந்தது. வேலிக்குள் ஒரு நிரலை அடைத்த பெட்டி, அதாவது ஒரு கண்டெய்னர், பிறந்து, பேசி, முடிந்திருந்தது. அந்த ஆண்டே நிறுவனம் தன் பெயரை டாக்கர் என்று மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு பழைய தொழிலை ஒரு ஜெர்மன் கம்பெனிக்குத் தள்ளிவிட்டது.

2017 நவம்பரில் அமேசான் ‘ஃபார்கேட்’டை இறக்கியது. கண்டெய்னரை மட்டும் கொடுத்தால் போதும், சர்வர் கவலை கம்பெனியுடையது. மெய்நிகர் இயந்திரத்துக்கு வேலை போயிற்று என்றே பட்டது.

போகவில்லை. கண்டெய்னர்கள் ஒரே கெர்னலைப் பகிர்பவை. அதில் ஓட்டை விழுந்தால் ஒருவர் சரக்கில் இன்னொருவர் கை நுழையும். அதனால் திரைக்குப் பின்னால் அமேசான் ஒவ்வொருவருக்கும் முழு மெய்நிகர் இயந்திரத்தையே ஒதுக்கிக்கொண்டிருந்தது! அந்த வீண்செலவைக் குறைக்க 2018இல் வந்தது ‘ஃபயர்கிராக்கர்’: 125 மில்லிவினாடியில் எழும், நினைவகத்தில் 5 எம்பிக்கும் குறைவாக இடம் பிடிக்கும் குட்டி மெய்நிகர் இயந்திரம். ஒழிக்கப்பட்டதாக நினைத்தது உருவத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது.

2019 ஏப்ரலில் கூகுளின் ‘கிளவுட் ரன்’ வந்தது. ஆர்டர் இல்லாவிட்டால் பூஜ்யத்துக்கே இறங்கிவிடும். பால்கோவாக் கடைக்கு மீட்டர் நின்றது. ஆனால் நெடுநேரம் கழித்து வரும் முதல் வாடிக்கையாளர் கண்டெய்னர் எழும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்று ஷிப்டுக் கணக்குக்கோ, பெரும்பாலும் கேப்டவுன் பாணி வாடகை இயந்திரமே இன்றும் மலிவு.